மோட்டார்ஹோமுக்கு ஏர் பேக்கா, எக்ஸ்ட்ரா லீஃபா?
மோட்டார்ஹோம்னா உள்ளயே தங்குற வசதி இருக்குற வண்டி. ஏர் பேக்னா விபத்துல விரியுறது இல்ல, பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்குற காத்துப் பை. லீஃப்னா பட்டை ஸ்பிரிங்ல கூடுதலா சேக்குற தகடு.
பின்னாடி வண்டி தொங்குது, வளைவுல ஆடுதுன்னா முதல்ல எடை மேடையில ஏத்தி ஒவ்வொரு ஆக்சில்லயும் எவ்ளோ எடை இருக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி டயர்ல காத்து வைங்க, பாதி பேருக்கு பிரச்சனை அங்கயே இருக்கும்.

லீஃப் சேக்குறது சிம்பிள், லீக் ஆகாது, மறந்துட்டு ஓட்டலாம். ஆனா ஒரு தடவ போட்டா அதே விறைப்புதான், தண்ணி டேங்க் காலியா இருந்தா குழியில தட்டு பாத்திரம் எல்லாம் கச்சேரி வைக்கும். இருந்தாலும் மோட்டார்ஹோம் லாரி மாதிரி காலியா ஓடாது, கட்டில், அடுப்பு, அலமாரின்னு எப்பவும் சுமையோடதான் போகுது, அதனால லீஃப் ஒண்ணும் அவ்ளோ மோசமில்ல.

ஏர் பேக்ல லோடுக்கு தகுந்த மாதிரி காத்த கூட்டி குறைக்கலாம், ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அந்தப் பக்கம் மட்டும் ஏத்தலாம், ஆனா ரெண்டு பேக்கையும் ஒரே டியூப்ல இணைச்சிடாதீங்க, வளைவுல வெளிப்பக்க காத்து உள்பக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும். சுத்தமா காத்து இல்லாமலும் ஓட்டக்கூடாது, பேக் கிழிஞ்சிடும். டியூப் சைலன்சர் பக்கத்துல போனா உருகிடும், அதையும் பாருங்க.

எது போட்டாலும் வண்டியோட எடை லிமிட் ஏறாது! ஆட்டம் மட்டும்தான் தொல்லைன்னா ரெண்டையும் விட்டுட்டு தடிமனான ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்குற கம்பி), நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்க. என் ஓட்டு ஏர் பேக்குக்கு, வாரம் ஒருக்கா பேக்ல காத்து எவ்ளோ இருக்குன்னு கேஜ் பாக்க சோம்பேறித்தனம்னா லீஃப்.