எங்கள் நகராட்சிக்கு என் மதிப்பெண்: கவுண்டருக்கு நாலு, சாக்கடைக்கு ஒன்று

அப்பா இறந்து ஒன்பது மாதம் ஆன பிறகும் வீட்டு வரி ரசீது அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் வரி கட்டும்போதுதான் கவனித்தேன். நான் அச்சகம் வைத்திருப்பவன். ஊரார் கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகுமா மிகாதா என்று சண்டை போடுகிறவனுக்குச் சொந்த வீட்டு ரசீது கண்ணில் படவில்லை. அந்த வெட்கத்தில் நகராட்சி அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். ஐந்து மாதமாக நடக்கிறேன். இவ்வளவு நாள் வாடிக்கையாளராக இருந்துவிட்டு மதிப்பெண் போடாமல் விடுவானேன்?

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 138 நகராட்சிகள் இருந்தன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையம், வாரச்சந்தை, நடுவில் ஒரு மேல்நிலைத் தொட்டி. படித்ததும் உங்கள் ஊர் மாதிரியே இருந்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் வரி. அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும். அந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். எனக்கு 2,460 ரூபாய்க்கு 123 ரூபாய் குறைந்தது. சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கழிவு இருப்பதே தெரியாது. மே மாதம் வரிசையில் நின்று முழுத்தொகை கட்டுகிறார்கள். போனிலேயே கட்டலாம், ரசீதும் வந்துவிடும். நான் கவுண்டரில் கட்டுவது பழக்கதோஷம்.

2022 வரி உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். என் வீட்டின் முன் அறைதான் அச்சகம். ஆகவே ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கம் 100. வரிவிதிப்பு எண்ணும் இரண்டு. பெயர் மாற்றத்துக்குப் போனபோது இந்த இரண்டு எண் என்னைப் படுத்திய பாடு தனி.

பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அலுவலகச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது. அதைவிட நம்பகமான இடம் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரத் தம்பி என் காகிதங்களை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "வாரிசுச் சான்று எங்கண்ணே? அது இல்லாம உள்ள போனா திருப்பி அனுப்பிடுவாங்க. அது இங்க இல்ல, தாலுகா ஆபீஸ்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு ஒரு நடை மிச்சம். 50 ரூபாய் வாங்கிக்கொண்டு மனுவும் எழுதித் தந்தான். என் அச்சகத்தில் வரும் மனுக்களைவிடச் சுத்தமான தமிழ். இந்தப் பட்டியலில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிற ஒரே ஆள் அவன்தான், அவனுக்கும் நகராட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வாரிசுச் சான்று கிடைக்க மூன்று வாரம். அதன் பிறகு இறப்புச் சான்று, பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் வைத்து மே 12-ஆம் தேதி கொடுத்தேன். வாங்கிய அம்மையார் இறப்புச் சான்றையும் தன் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வரியில ஒரு இனிஷியல் இருக்கு, சான்றிதழ்ல ரெண்டு இருக்கே?" நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாத்தாவின் ஊர்ப்பெயரை அப்பா சில இடங்களில் போடுவார், சில இடங்களில் விட்டுவிடுவார். எழுத்துப் பிழைக்காக நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, மறுநாள் கொடுத்தேன். வீட்டு எண்ணுக்கு ஒன்று, கடை எண்ணுக்கு ஒன்று என்று இரண்டு செட்.

அந்த அம்மையாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எரிந்து விழவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை, ஒப்புகைச் சீட்டை நான் கேட்காமலே கொடுத்தார். பணமும் யாரும் கேட்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு முன்னால் நின்றவர் ஒரு நூறு ரூபாயை மடித்து விண்ணப்பத்துக்குள் வைத்தே நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு விரலால் எடுத்து அவர் பக்கமே தள்ளினார். கேட்காமலே கொடுக்கிற பழக்கத்துக்கு யார் மருந்து போடுவது?

ஜூன் 28 அன்று இரண்டு எண்ணுக்கும் பெயர் மாறிவிட்டது. 47 நாள். இன்னும் சீக்கிரம் முடியலாம்தான், ஆனால் நடுவில் ஒரு முறைகூட என்னை அலைய விடவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வரி ரசீதில் பெயர் வந்தால் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. வரி கட்டுகிறவர் பெயர், அவ்வளவுதான். பட்டா தாலுகாவில், பத்திரம் சார்பதிவாளரிடம். இதை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட கதைகள் என் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்ததுண்டு.

பிறப்புச் சான்றும் இதே ரகம். பேத்தி பிறந்தபோது மருத்துவமனையே தகவல் அனுப்பிவிட்டது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் அதற்கும் கட்டணம் இல்லை. சான்றை மருமகன் வலைத்தளத்திலேயே எடுத்துவிட்டார். பிறந்த ஊரில்தான் பதிவாகும், அப்பா அம்மா குடியிருக்கும் ஊரில் இல்லை. இது தெரியாமல் ஒரு இளம் தம்பதி எங்கள் ஊர் கவுண்டரில் கைக்குழந்தையோடு நின்றதைப் பார்த்தேன். குழந்தை பிறந்தது பக்கத்து மாநகராட்சியில்.

ஆக, கவுண்டருக்குள் முடிகிற வேலை என்றால் எங்கள் நகராட்சி நல்ல கடை. நாலு நட்சத்திரம். உதிர்ந்த பலகைக்கு ஒன்றைக் கழித்துவிட்டேன்.

சிக்கல், யாராவது நாற்காலியை விட்டு எழுந்து தெருவுக்கு வரவேண்டிய வேலையில்தான்.

ஜூன் மாதம் குப்பை வண்டி பின்னால் எடுத்தபோது என் கடை வாசல் சாக்கடை சிலாப் உடைந்தது. ஒரு சைக்கிள் சக்கரம் தாராளமாக இறங்கும். சுகாதாரப் பிரிவில் சொன்னேன், அது பொறியியல் பிரிவு என்றார்கள். பொறியியல் பிரிவில் சொன்னேன், வண்டி யாருடையது என்றார்கள். உங்களுடையதுதான் என்றேன். அப்புறம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுக்கு ஒப்புகைச் சீட்டு கிடையாது.

தூர் வாருவது இன்னொரு கூத்து. ஆள் வந்து வாருகிறார்கள், அதில் குறையில்லை. வாரிய மண்ணைச் சாக்கடைக் கரையிலேயே குவித்துவிட்டு, காயட்டும் என்று போய்விடுகிறார்கள். காய்வதற்குள் மழை. மண் திரும்பவும் உள்ளே. தூய்மைப் பணியாளர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் காலை ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்கள், அள்ளிப் போட டிராக்டர் வந்தால்தானே?

கவுன்சிலருக்குப் போன் செய்தேன். எங்கள் வார்டு பெண்களுக்கானது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குத்தான். எடுத்தவர் அவருடைய கணவர். "கவுன்சிலர் வெளிய போயிருக்காங்கண்ணே, என்கிட்ட சொல்லுங்க." மூன்று முறையும் அதே. நான்காவது முறை அந்தக் கணவரே, "மன்றக் கூட்டம் வருதுண்ணே, அதுல வைக்கச் சொல்றேன்" என்றார். சரி, அது என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று நானும் போனேன்.

ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக நகர்மன்றக் கூட்டம் பார்த்தேன். பத்திரிகைக்காரர்களுக்குப் போட்ட நாற்காலியில் ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். ஊர்க்காரன் என்று வந்தவன் நான் ஒருவன்தான். எல்லாருக்கும் ஒரு காபி, ஒரு மிக்சர் பொட்டலம். எனக்கும் கிடைத்தது.

அஜெண்டாவை ஒரு நிருபரிடம் வாங்கிப் படித்தேன். தொழில் புத்தி, முதலில் எழுத்துப் பிழைதான் கண்ணில் பட்டது. 'ஒப்பந்தபுள்ளி' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒற்று இல்லாமல். ஆனால் அந்த நடை இருக்கிறதே! ஒவ்வொரு பொருளும் ஒரு நீண்ட வாக்கியம். பம்பு மோட்டார் பழுதானதில் தொடங்கி, பொதுமக்கள் நலன் கருதி, அவசர அவசியம் கருதி, முன் அனுமதி பெற்று, பழுது நீக்கி, செலவான தொகை எவ்வளவு என்று சொல்லி, கடைசியில் 'மன்றத்தின் அனுமதிக்கு' என்று மூச்சு விடும். மொத்தம் 64 பொருள். மோட்டார், பிளீச்சிங் பவுடர், எல்.இ.டி. விளக்கு, மறுபடி மோட்டார். வேலை முடிந்து, பணமும் செலவான பிறகு மன்றத்துக்கு வருகிற பொருள்கள் இத்தனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் நின்றால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாதுதான். அது நியாயம். ஆனால் ஒரே மோட்டார் எத்தனை தடவை பழுதாகும் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

படிப்பவர் எண்ணை மட்டும் சொன்னார். "ஆல் பாஸ்" என்று பின் வரிசையில் ஒரு குரல். 25 நிமிடத்தில் 50 பொருள் தாண்டியது. ஒரு கட்சிக்காரர்கள் நடுவில் எழுந்து வெளிநடப்பு செய்தார்கள். வாசலில் பேட்டி கொடுத்துவிட்டு மிக்சருக்குத் திரும்பி வந்தார்கள்.

அப்போது எங்கள் கவுன்சிலர் எழுந்தார். போனில் ஒரு நாளும் குரல் கேட்டிராத அந்த அம்மா ஒரு நோட்டைத் திறந்து, எங்கள் வார்டில் எந்தெந்தத் தெருவில் யார் வீட்டு வாசலில் சிலாப் உடைந்திருக்கிறது என்று வாசித்தார். 17 இடம். என் அச்சகம் ஒன்பதாவது. "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல நாலு இருக்கு, அதை முதல்ல போடுங்க" என்றார். சத்தம் போடவில்லை, ஆனால் நகரசபைத் தலைவர் பதில் சொல்லும்வரை உட்காரவும் இல்லை. எஸ்டிமேட் போட்டு அடுத்த கூட்டத்தில் வைப்பதாகப் பதில் வந்தது. கணவர்தான் கவுன்சிலர் என்று இத்தனை நாள் தெருவில் நானும் சேர்ந்து கேலி பேசியிருக்கிறேன். அந்த நாற்காலியில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

நகராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். 2023-இல்தான் அதுவும் வந்தது. என் கடையில் மிஷின் ஓட்டும் பையனுக்கு நான் இதைவிட அதிகம் கொடுக்கிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஆட்சி நடந்ததே, அப்போது சிலாப் உடைந்திருந்தால் நான் யாருக்குப் போன் செய்திருப்பேன்? கணவர் எடுத்தாலும் எடுக்க ஒரு போன் இருக்கிறது.

ஆகஸ்டில் ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தார். சிவப்பு பெயிண்டில் என் வாசல்படியில் '9' என்று போட்டுவிட்டுப் போனார். அதே மாதக் கூட்டத்தில் எஸ்டிமேட் வந்தது. இனி டெண்டர், அப்புறம் பணி ஆணை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நாலு சிலாப் மட்டும் எப்படியோ முன்பே போட்டுவிட்டார்கள். என் வாசலில் இன்னும் ஒரு பழைய பேப்பர் பண்டலைக் குறுக்கே வைத்து ஒப்பேற்றுகிறேன். அதனால் சாக்கடைக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் நாலு சிலாப்புக்காகத்தான்.

அக்டோபர் 31-க்குள் வரி கட்ட மறுபடி போவேன். முதன்முறையாக என் பெயரில் ரசீது. அதற்குள் ஒன்பதாம் எண்ணுக்குச் சிலாப் வந்தால் இந்த மதிப்பெண்ணைத் திருத்துகிறேன். நீங்களும் போகிறீர்கள் என்றால் காலை பத்தரைக்குப் போங்கள். ஒன்றரைக்குப் போகாதீர்கள், சாப்பாட்டு நேரம், மின்விசிறி மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் காகிதத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள்.