மறுபடி படிக்க டியூனா, ஃபவுண்டேஷனா?

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் டியூன், ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் என்ற இரண்டு அறிவியல் புனைகதைத் தொடர்களையும் ஏற்கெனவே ஒரு சுற்று முடித்தவர்களுக்குத்தான் இது. முதல் தடவை படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துப் போட்டுத்தான் பேசப் போகிறேன்.

கோடையில் டெல்டாவில் பம்புசெட் இல்லாதவனுக்கு வயல் வேலை கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் ஒரு தொடரையாவது மறுபடி படித்துவிடலாம் என்று இரண்டையும் எடுத்து வைத்தேன். கடைசியில் தங்கியது டியூன்தான். ஃபவுண்டேஷனைப் பாதியோடு மூடிவிட்டேன், ஆனால் அதில் ஒரு பகுதி மட்டும் டியூனுக்குச் சளைத்ததில்லை, அதையும் சொல்கிறேன்.

மேலோட்டமான வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அசிமோவ் எழுத்து லேசு, ரயிலில் மாயவரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். ஹெர்பர்ட் தடிமன், முதல் நூறு பக்கம் பின்னால் இருக்கும் சொல்லகராதியைப் புரட்டியபடியேதான் ஓடும். இரண்டாம் தடவை அந்தத் தொல்லை இல்லை, அதனால் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். தொடர் முழுக்கத் தெரிந்த பிறகு முதல் புத்தகத்துக்குத் திரும்பினால் அது பெரிதாகிறதா, சிறுத்துப் போகிறதா?

ஃபவுண்டேஷன் சிறுத்துப் போகிறது. கதைகள் 1942லிருந்து பத்திரிகையில் வந்தவை, 1951, 52, 53ல் மூன்று புத்தகமாகத் தொகுக்கப்பட்டன. பேரரசு விழும், அதற்குப் பின் வரும் 30,000 வருட இருட்டை ஆயிரமாகக் குறைக்கலாம் என்று ஹாரி செல்டன் என்ற ஒற்றை மனிதன் கணக்குப் போட்டுச் சொல்கிறான். முதல் வாசிப்பில் அந்த விசாரணைக் காட்சியில் அவன் காட்டும் நிதானம் புல்லரிக்க வைக்கும். பிறகு 1982ல் அசிமோவ் தொடருக்குத் திரும்பி வந்து, தன்னுடைய ரோபோ கதைகளையும் இதோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்தார். 1988ல் வந்த முன்கதையில் பேரரசரின் அமைச்சர் டெமர்செல் உண்மையில் டேனீல் என்ற ரோபோ என்று தெரிகிறது. சுமார் 20,000 வருடமாக மனிதர்களை மறைவில் இருந்து நடத்திக்கொண்டிருப்பவன். செல்டனை அந்தக் கணக்குக்குள் தள்ளிவிட்டதே அவன்தான். சரி, இந்த அறிவோடு 1951 புத்தகத்தைத் திறந்து பாருங்கள். செல்டனின் தைரியம் பாதியாகிவிடுகிறது. அவன் பின்னால் ஒரு கை இருப்பது நமக்குத் தெரியும், ஆனால் புத்தகத்தில் எங்கே தேடினாலும் அந்தக் கை கிடைக்காது. எப்படிக் கிடைக்கும், டேனீல் முதன்முதலாக வரும் நாவலே 1954ல்தான் புத்தகமாகிறது. அதற்கு மேல், எல்லா உயிரும் ஒரே மனமாக இருக்கும் கையா என்ற கோளும் வந்து, செல்டன் திட்டமே ஒரு இடைக்கால ஏற்பாடு என்று ஆகிவிடுகிறது. முதல் புத்தகத்தின் மேயர் சால்வர் ஹார்டின் நெருக்கடி நெருக்கடியாகச் சமாளித்ததெல்லாம் எதற்கு என்று தோன்றிவிட்டது எனக்கு.

டியூனில் இது தலைகீழ். முதல் நாவல் 1965. அதை முடிப்பதற்கு முன்பே அடுத்த இரண்டு நாவல்களின் சில பகுதிகளை எழுதிவிட்டதாக ஹெர்பர்ட்டே சொல்லியிருக்கிறார். அந்த இரண்டும் 1969லும் 1976லும் வந்தன. மூன்றாம் புத்தகத்தில் நாம் தெரிந்துகொள்ளும் விஷயத்துக்கான விதை முதல் புத்தகத்திலேயே கிடக்கிறது, முதல் தடவை மிதித்துக்கொண்டு போயிருப்போம்.

பேரீச்சை மரக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில், அராக்கீன் மாளிகைக்கு வெளியே இருபது பேரீச்சை மரம் நிற்கிறது. தெருவில் போகிற ஜனங்கள் அதை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். டாக்டர் யூவே, கதாநாயகன் பால் அட்ரெய்டிஸின் அம்மா ஜெஸிகாவிடம் கணக்குச் சொல்கிறான்: ஒரு மரத்துக்கு நாளைக்கு 40 லிட்டர், ஒரு மனிதனுக்கு 8 லிட்டர், ஆக ஒரு மரம் ஐந்து ஆள், மொத்தம் நூறு ஆள். தென்னைக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய நம் ஊர்க்காரனுக்கு இந்த வரி முதல் வாசிப்பிலேயே சுருக்கென்று தைக்கும். அப்புறம் அந்தக் கிரகத்தைப் பச்சையாக்க வேண்டும் என்று அந்தப் பாலைவன ஜனங்களான ஃப்ரெமன்கள் காணும் கனவு வரும்போது நாம் கேள்வியே கேட்காமல் அவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வோம். 300லிருந்து 500 வருடம் ஆகும் என்று பின்னிணைப்பில் கணக்கு வேறு போட்டிருக்கிறது. கடைமடையில் இருந்துகொண்டு தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

இப்போது இரண்டாம் சுற்று. மூன்றாம், நான்காம் நாவல்களில் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். தண்ணீர் வந்தால் மணற்புழு சாகும், புழு செத்தால் அதனால் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற போதைப்பொருள் இல்லை, ஸ்பைஸ் இல்லாவிட்டால் விண்வெளிப் பயணமே இல்லை. நான்காம் நாவலில், 3,500 வருடம் கழித்து, கிரகமே பச்சையாகிப் பாலைவனம் ஒரு சிறு ஒதுக்கிடமாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஃப்ரெமன்களோ காட்சிப்பொருளாகிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு முதல் புத்தகத்துக்கு வந்தால், விடை கண்ணெதிரிலேயே இருக்கிறது. சடங்குக்கான நஞ்சை எடுக்க ஒரு குட்டிப் புழுவைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்கிறார்கள். அதாவது தண்ணீர் புழுவைக் கொல்லும் என்று அந்த ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் கனவை விடவில்லை. கடைசிப் பக்கங்களில், தண்ணீர் ஓடும், பச்சை வரும், ஆனால் ஸ்பைஸுக்காக ஏதாவது ஒரு பாலைவனம் எப்போதும் இருக்கும் என்று பால் அட்ரெய்டிஸ் போகிற போக்கில் சொல்கிறான். முதல் தடவை அது வெற்றிப் பேச்சு மாதிரி கேட்டது. இரண்டாம் தடவை, முறைவைத்துத் தண்ணீர் விடுவோம் என்று அதிகாரி கொடுக்கும் வாக்குறுதி மாதிரி கேட்கிறது.

நீர் வளையங்களும் அப்படித்தான். பாலோடு சண்டை போட்டுச் செத்த ஃப்ரெமன் ஜாமிஸின் உடலிலிருந்து எடுத்த தண்ணீர் 33 லிட்டர் சொச்சம், அதற்கு ஈடான உலோக வளையங்களைப் பாலிடம் கொடுக்கிறார்கள். மதகு பார்க்கும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். “அந்த மாதிரி வளையம் இருந்திருந்தா மதகுகிட்ட ராத்திரியெல்லாம் காவல் கெடந்திருக்க வேணாமேடா” என்றார். புத்தகம் படிக்காத மனிதர், ஆனால் அந்த உலகம் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

இதனால் டியூன் குறையே இல்லாதது என்று அர்த்தமில்லை. தொடர் முழுக்கத் தெரிந்த பிறகு ஹார்கோனன் வில்லத்தனம் இன்னும் தட்டையாகத் தெரிகிறது. ஐந்தாம், ஆறாம் நாவல்களை ஒரு தடவைதான் படித்திருக்கிறேன், அவை மறுவாசிப்புக்குத் தாங்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஹெர்பர்ட்டின் மகன் எழுதியவற்றைப் புரட்டியதோடு சரி, அதனால் பேச மாட்டேன். அதே மாதிரி அசிமோவின் ரோபோ நாவல்களை நான் முழுசாகப் படிக்கவில்லை. டேனீலோடு ஆரம்பத்திலிருந்து பழகியவர்களுக்கு அந்தத் தையல் இவ்வளவு உறுத்தாமல் போகலாம்.

நம் ஸ்ரீரங்கத்து சுஜாதாவை ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். அவருடைய ரோபோ நாய் ஜீனோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன், அது வேறு ருசி. ஆனால் அதில் இருப்பது இரண்டே நாவல், போகப் போகத் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய அண்டம் எதையும் அவர் கட்டவில்லை, அதனால் இந்தப் போட்டியில் அதை நிறுத்துவது நியாயமில்லை.

ஃபவுண்டேஷனில் தாங்கும் பகுதி என்றேனே, அது மற்றவர் மனசை மாற்றும் சக்தியோடு வரும் மியூல் கதை. கோமாளி மேக்னிஃபிகோதான் மியூல் என்று தெரிந்துகொண்டு படித்தால் அவன் நடுங்குவதும் ஒண்டுவதும் ஒவ்வொன்றும் வேறாகத் தெரிகிறது. கூடவே பயணம் செய்யும் பேய்ட்டா என்ற பெண்ணின் மனசை மட்டும் அவன் தொடாமல் விட்டதற்குக் காரணம், அவள் தானாகவே அவனிடம் பிரியமாக இருந்தாள் என்பதுதான். அவள் அவனுக்குக் காட்டும் சின்னச் சின்ன அக்கறை எல்லாம் பின்னால் அவனையே கவிழ்க்கப் போகிறது என்று தெரிந்து படிப்பது தனி சுகம். ஆகவே ஃபவுண்டேஷன் ஆட்கள் இரண்டாம் புத்தகத்தின் பின்பாதியை எடுங்கள், அப்படியே மூன்றாவதையும் முடியுங்கள். 1982க்குப் பிறகு வந்தவற்றை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.