எம்.எட்.டா, கவுன்சலிங் எம்.எஸ்ஸி.யா?

பி.எட். முடித்து சில வருடம் பாடம் எடுத்த பிறகு அடுத்து என்ன படிக்கலாம் என்ற யோசனை வரும். எனக்கு வந்தபோது கண் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, சென்னை வேப்பேரியில் 1923 முதல் ஆசிரியைகளை உருவாக்கி வரும் செயின்ட் கிறிஸ்டோபர் கல்வியியல் கல்லூரியில் எம்.எட். இன்னொன்று, பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்ஸி. இரண்டும் கிறிஸ்தவ நிறுவனங்கள், இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. நான் கிறைஸ்டில் சேர்ந்தேன். இன்று யாராவது கேட்டாலும் கவுன்சலிங் பக்கம்தான் சாய்வேன்.

கிறிஸ்தவ நிறுவனம் என்றால் மதம் திணிப்பார்களா என்று வீட்டில் கேட்பார்கள். இல்லை. கிறைஸ்டை நடத்துவது சி.எம்.ஐ. என்ற கத்தோலிக்கத் துறவு சபை. 1969ல் கல்லூரியாகத் தொடங்கி 2008ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அந்தச் சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான குரியாகோஸ் எலியாஸ் சாவரா, 19ஆம் நூற்றாண்டுக் கேரளத்தில் தேவாலயத்துக்குத் தேவாலயம் பள்ளி தொடங்கச் சொன்னவர். அந்த அக்கறை இங்கே இன்னும் இருப்பதாகவே நான் உணர்ந்தேன். வகுப்பில் படிப்பது ரோஜர்ஸ், எல்லிஸ், பெக் போன்ற உளவியல் சிகிச்சை முன்னோடிகளை, பைபிளை அல்ல. பாஸ்டரல் கவுன்சலிங், அதாவது சமய நம்பிக்கை சார்ந்த ஆலோசனை வேண்டுமென்றால் அது தனி, பெரும்பாலும் இறையியல் கல்லூரிகளில் படிக்க வேண்டும்.

கட்டணத்தில் எம்.எட்.தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. வருகைப் பதிவில் கிறைஸ்ட் கறார், 85 சதவீதம் வேண்டும். நான் ஓசூர்க்காரி. அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் நின்று, முதல் பீரியடுக்குப் போய்ச் சேர்வது லேசான காரியம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கவுன்சலிங் முதுகலைக்குப் பல இடங்களில் இளங்கலையிலேயே சைக்காலஜி கேட்பார்கள், பி.எட்.டில் படித்த கல்வி உளவியல் போதாது. பெங்களூருவில் வழக்கமான, மூன்று முதன்மைப் பாடங்கள் கொண்ட பி.ஏ.வில் எனக்கு சைக்காலஜி ஒன்றாக இருந்ததால் அந்தச் சிக்கல் வரவில்லை. தொலைதூரக் கல்வியில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் இப்போது வழி இல்லை. 2025 முதல் உளவியல் படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது.

சரி, என் முடிவை உண்மையில் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது சூப்பர்விஷன், அதாவது நாம் செய்யும் ஆலோசனையை அனுபவமுள்ள ஒருவர் பார்த்துத் திருத்துவது.

எம்.எட்.டிலும் வழிகாட்டுதலும் ஆலோசனையும் என்று ஒரு தாள் உண்டு. ரோஜர்ஸின் கோட்பாட்டை விளக்குக என்று கேள்வி வரும், எழுதுவோம். ஆனால் எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அழும்போது என்ன செய்வது என்று அங்கே யாரும் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. எம்.எட். அதற்காக வடிவமைத்த படிப்பும் அல்ல. கல்வித் தத்துவம், பாடத்திட்டம், ஆய்வு முறை, ஆய்வேடு என்று அதன் பலம் வேறு.

கவுன்சலிங் படிப்பிலோ களத்துக்குப் போய்விட்டு வந்து, நடந்த உரையாடலை வரிக்கு வரி எழுத வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, பிள்ளை சொன்னது, நாம் சொன்னது, அந்த நொடியில் நமக்குள் ஓடியது என்று எழுதுவோம். எங்கள் குழுவில் ஒருவர் கொண்டுவந்த பதிவு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் "எனக்கு ஸ்கூல் பிடிக்கல மிஸ்" என்கிறான். அடுத்த வரியில், "ஏன்ப்பா, யாராவது திட்டினாங்களா?" சூப்பர்வைசர் அந்தக் கேள்வியை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். "திட்டினார்கள் என்று அவன் சொல்லவில்லையே. பதிலை நீங்களே கையில் கொடுத்துவிட்டால் அவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான்" என்றார். பிறகு அந்த இடத்தில் "பிடிக்கல..." என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்து பார்க்கச் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் மாணவனாக வைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்தோம். எத்தனை புத்தகம் படித்தாலும் அந்தப் பழக்கம் வராது.

ரகசியம் காப்பதும் அப்படித்தான். போக்ஸோ சட்டம், 2012 வந்த பிறகு, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "நீ சொல்வது எதையும் வெளியே சொல்ல மாட்டேன்" என்று ஒரு பிள்ளையிடம் வாக்குக் கொடுக்க முடியாது. எதை என்னால் மறைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே, அவள் மிரளாதபடி, அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும். அந்தச் சில வாக்கியங்களுக்கு எங்களுக்குக் கொடுத்த பயிற்சி கொஞ்சநஞ்சம் அல்ல.

வேலை வாய்ப்பும் இந்தப் பக்கம் கூடியிருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. கவுன்சலர் கேட்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் தனியார் பள்ளிகளில் சம்பளம் டீச்சர் சம்பளத்தைத் தாண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வராத ஆசிரியருக்குப் பதிலாகக் கவுன்சலரை வகுப்புக்கு அனுப்பும் பள்ளிகளும் உண்டு. வகுப்பெடுக்கும் டீச்சராகத் தெரிகிறவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? நேர்காணலிலேயே இதைப் பேசிவிடுங்கள். அப்புறம், இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அது வேறு படிப்பு.

எம்.எட்.டை நான் தள்ளிவிடவில்லை. பி.எட். கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருந்தால் அதுதான் வழி. ஆனால் அது மட்டும் போதாது. பாடத்தில் முதுகலை, எம்.எட்.டில் 55 சதவீதம், அதன் மேல் நெட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. வேண்டும். அந்தப் பாதையில் நான் நடந்ததில்லை, தோழிகள் சொல்லிக் கேட்டதுதான். அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் ஊக்க ஊதியத்துக்காக எம்.எட். படித்த காலம் தமிழ்நாட்டில் 2020ஓடு போய்விட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு வருட எம்.எட். திரும்ப வரும் என்று, ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் என்.சி.டி.இ.யின் 2025 வரைவு விதிகளில் இருக்கிறது. அவசரம் இல்லாதவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சேரலாம்.

கவுன்சலிங் என்று முடிவு செய்தவர்கள், எந்தக் கல்லூரியாக இருந்தாலும், பணம் கட்டும் முன் துறையில் நேராகப் போய்க் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சூப்பர்விஷன், அதில் தனியாக எவ்வளவு, குழுவாக எவ்வளவு, ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள், களப்பயிற்சி இடத்தை அவர்களே தருகிறார்களா, நாம் தேடிக்கொள்ள வேண்டுமா. நேரான பதில் வரவில்லையென்றால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.