காசில்லாத க்வோத்தும் மேதை க்வோத்தும்

பேட்ரிக் ராத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் தி விண்ட்' 2007இல் வெளிவந்தது. ஃபேன்டசி படிக்க ஆரம்பிக்கும் பலருக்கும் நண்பர்கள் முதலில் எடுத்துக் கொடுக்கும் புத்தகங்களில் இதுவும் ஒன்று. என்னிடம் இருக்கும் பிரதி புழங்கிப் புழங்கி முதுகு வெடித்து, அட்டை ஓரமெல்லாம் மடங்கிக் கிடக்கிறது. சில பகுதிகளை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். சில அத்தியாயங்கள் வந்தால் இப்போதெல்லாம் தாண்டிப் போய்விடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒதுக்குப்புறமான ஒரு கிராமத்தில் கோட் என்ற பெயரில் சத்திரம் நடத்துபவர்தான், ஒரு காலத்தில் உலகமே பேசிய க்வோத். தேடி வந்த வரலாற்றுப் பதிவாளரிடம் தன் வாழ்க்கையை மூன்று நாட்களில் சொல்ல ஒப்புக்கொள்கிறார். இந்த நாவல் முதல் நாள். ஊர் ஊராகப் போகும் கூத்துக் குழுவில் பிறந்த பையன். சாண்ட்ரியன் என்பவர்கள் குழுவையே கொன்றுபோடுகிறார்கள். டார்பியன் நகரத் தெருக்களில் மூன்று வருடம் பிச்சையும் திருட்டும். அப்புறம் மாயக்கலை சொல்லித்தரும் பல்கலைக்கழகம்.

முதலில் என்னைப் பிடித்து இழுத்தது 'சிம்பதி' என்ற அந்த மாயக்கலைதான். இரண்டு பொருட்களை மனத்தால் பிணைத்துவிட்டால், ஒன்றைத் தூக்கும்போது மற்றதும் எழும். ஆனால் எதுவும் இலவசமில்லை. இரண்டு காசுகளைப் பிணைத்து ஒன்றைத் தூக்கினால் இரண்டின் எடையும் கையில் தெரியும், நடுவில் வீணாகும் சக்தியும் சேர்ந்து கனக்கும். இரண்டு பொருட்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு குறைவான விரயம். இதை ஆசிரியர் பாடமாக ஒப்பிப்பதில்லை, ஆபத்தாகக் காட்டுகிறார். வாத்தியார் பென்னை அசத்த நினைக்கும் சிறுவன் க்வோத், தன் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சை வெளியே வீசும் காற்றோடு பிணைத்துவிடுகிறான். அவ்வளவு பெரிய காற்றை அவன் நுரையீரலால் தள்ள முடியுமா? மூச்சே விட முடியாமல் சாகக் கிடக்கிறான். அந்த ஒரு பக்கம் படித்தால் போதும், சிம்பதி எப்படி வேலை செய்கிறது என்பது மறக்கவே மறக்காது.

பல வருடம் கழித்தும் என்னைத் திரும்ப வரவைப்பது மாயக்கலை அல்ல, பணக் கணக்கு. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்பது ஆசான்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். கட்டணத்தை அவர்கள்தான் அப்போதைக்கப்போது நிர்ணயிக்கிறார்கள். முதல் தடவை க்வோத்திடம் வாங்காமல், அவர்களே மூன்று டேலன்ட் (அந்த உலகத்து நாணயம்) கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். படிக்கும் நமக்கும் சந்தோஷம் தாங்காது. ஆனால் அடுத்த பருவத்துக்கு அவனிடம் காசு இல்லை. டெவி என்ற பெண்ணிடம் கடுவட்டிக்குக் கடன் கேட்கிறான். அவள் கேட்கும் அடமானம் அவனுடைய ரத்தம், சில துளிகள் மட்டும். சிம்பதி தெரிந்தவள் கையில் உன் ரத்தம் இருந்தால், நீ எங்கே போனாலும் அவளால் உன்னைத் தொட முடியும். வட்டியும் மாயக்கலையும் ஒரே முடிச்சில் விழும் இடம் இது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரை அலைந்தவர்களுக்கும் இந்தப் பயம் புதிதாக இருக்காது. எந்த டிராகனும் எனக்கு இந்தப் படபடப்பைத் தந்ததில்லை.

இயோலியன் என்ற இசை அரங்கில் நடக்கும் காட்சியும் இந்த வகைதான். மேடை ஏற முயல்வதற்கே ஒரு வெள்ளி டேலன்ட் கட்ட வேண்டும். பாட்டு நடுவில் யாழ்த்தந்தி அறுந்துவிடுகிறது. மிச்சத் தந்திகளை வைத்துக்கொண்டு அவன் பாடி முடிக்கிறான். தோற்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் பாட்டு அவ்வளவு உலுக்குகிறது.

சரி, மனத்தாங்கலுக்கு வருகிறேன். இதே க்வோத் காசில்லாதவனாக இல்லாமல் மேதையாக நிற்கும் பக்கங்களில் நாவல் தொய்ந்துவிடுகிறது. பதிவாளர் பல காலம் உழைத்து உருவாக்கிய சுருக்கெழுத்தைச் சில நிமிடங்களில் கற்றுக்கொள்கிறான். இசை, மொழி, மருத்துவம், நடிப்பு என்று எதைத் தொட்டாலும் வந்துவிடுகிறது. தடை என்று பார்த்தால் பணமும், சக மாணவன் அம்ப்ரோஸும்தான். அந்த அம்ப்ரோஸோ பணக்காரத் திமிரைத் தவிர வேறு எதுவும் இல்லாத வில்லன்.

க்வோத் காதலிக்கும் டென்னாவைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. வருவாள், பூடகமாகப் பேசுவாள், காணாமல் போவாள், அவன் தேடுவான். அவளுக்கும் அவனைப் போலவே பிழைப்புப் போராட்டம் இருக்கிறது. அதை உள்ளேயிருந்து எழுதியிருந்தால் இன்னொரு பெரிய பாத்திரம் கிடைத்திருக்கும். க்வோத்தின் ஏக்கத்துக்கு ஒரு பெயராக அவளை ஆசிரியர் நிறுத்திவிட்டார். கடைசிப் பகுதியில் ட்ரீபன் ஊருக்குப் போய் ட்ராக்கஸ் என்ற பெரிய பல்லியைத் துரத்தும் அத்தியாயங்களைத்தான் நான் இப்போது தாண்டுகிறேன். கட்டணம், கடன், வாடகை எல்லாம் அங்கே பின்னால் போய்விடுகிறது, கூடவே கதையின் விறுவிறுப்பும்.

"கதை சொல்பவனே க்வோத், பெருமையடிக்கத்தான் செய்வான்" என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. க்வோத்தின் சீடன் பாஸ்ட் குறுக்கிட்டு, உங்கள் கதையில் வரும் பெண்கள் எல்லோரும் அழகிகளாக இருக்கிறார்களே, டென்னாவின் மூக்கு கொஞ்சம் கோணல்தானே என்று கேட்கும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசிரியர் எல்லாம் தெரிந்தேதான் செய்கிறார். ஆனால் ஒரு குறுக்கீட்டுக்காக, 600 பக்கங்களுக்கு மேல் அந்தப் பெருமையைக் கேட்க வேண்டியிருக்கிறதே. தெரிந்து செய்தாலும் அலுப்பு அலுப்புதான்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாளான 'தி வைஸ் மேன்ஸ் ஃபியர்' 2011இல் வந்தது. அதற்குப் பிறகு 2014, 2023 ஆண்டுகளில் துணைப் பாத்திரங்களை வைத்து இரண்டு சிறு நூல்கள் வந்தனவே தவிர, மூன்றாம் நாள் வரவில்லை. சாண்ட்ரியன் யார், ஏன் கொன்றார்கள் என்ற விடைக்காகப் படிப்பதாக இருந்தால் இப்போது தொடங்க வேண்டாம். ஒரு ஏழை மாணவன் கட்டணம் கட்டும் கதைக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். முதல் ஐம்பது பக்கங்களின் மந்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.