கறுப்புக் கண்ணாடி வேனில் முதுமலை: மூன்று நாள் பயணத்தின் மதிப்பீடு

தை மாதக் கடைசியில் காரைக்குடியிலிருந்து நீலகிரியின் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு மூன்று நாள் வாடகை வேனில் பதினொரு பேர் போய் வந்தோம். என் ஆத்தா, என் குடும்பம், தங்கை குடும்பம், பிள்ளைகள் ஐவர் என்று எல்லா வயதினரும் அதில் அடக்கம். இதே திட்டத்தோடு எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் குடும்பங்கள் பல இருப்பதால், எதற்குக் கொடுத்த பணம் செரித்தது, எதற்குக் கொடுத்தது செரிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். வனத்துறையின் வண்டியில் காட்டுக்குள் போன ஒரு மணி நேரத்திற்கு முழு மதிப்பெண் தருவேன். கூடலூர்ச் சாலைக்கு அதற்குச் சற்றே குறைவாக. வாடகை வேனுக்கு, ஓட்டுநரை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், பாதி மதிப்பெண் தரலாம். வேன் நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்த தவற்றை எந்த ஊர் நிறுவனமும் செய்யக்கூடும் என்பதால் தவறுதான் முக்கியம்.

முதல் தவறு கண்ணாடி. வேனைப் பார்க்கப் போனபோது உள்ளே நீல விளக்கு, குஞ்சம் தொங்கும் திரைச்சீலை, நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி என்று இருந்ததைக் கண்டு பிள்ளைகள் குதித்தார்கள். நானும் இருக்கைகளின் சாய்வை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். சன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்பு ஒட்டுத்தாளை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அது சுகமான ஏற்பாடு. காட்டில், மாலை ஐந்தரை மணிக்கு மேல், அதன் வழியே பார்த்தால் மரத்திற்கும் மானுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. சன்னலைத் தள்ளித் திறக்கலாம் என்றால், ஆறில் நான்கு சன்னல்கள் பல நாள் தூசியில் இறுகிப்போய் அசையவே இல்லை. காட்டுப் பயணத்திற்கு வண்டி பிடிக்கும் எவரும் இருக்கையை விடச் சன்னலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது தவறு வழியைப் பற்றியது. ஊட்டியிலிருந்து முதுமலையை ஒட்டிய மசினகுடிக்குப் போக இரண்டு சாலைகள் உண்டு. கல்லட்டி வழியாக இறங்கினால் தொலைவு குறைவு, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடுமையான சரிவும் உள்ள பாதை அது, பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்து வண்டிகள் உருண்ட விபத்துகளுக்குப் பிறகு, வெளிமாவட்ட வண்டிகள் அதில் இறங்குவதற்குத் தடை இருக்கிறது, ஏறி வரலாம். பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிப் போவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கான சாலை. இதை அறியாத வேன் உரிமையாளர், “கல்லட்டியில இறக்கிவிட்டா நாலு மணிக்கெல்லாம் யானையப் பாத்துரலாம்ணே” என்று சொல்லியிருந்தார். கல்லட்டிச் சாலை பிரியும் தலைக்குந்தாவில் காவலர் கைகாட்டி மறித்தபோது மணி மூன்றரை. அன்றைய மாலைக் காட்டுச் சுற்று அங்கேயே கைவிட்டுப் போனது.

அதற்கு முன்பே கல்லாறு சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் போயிருந்தது. நீலகிரிக்குள் நுழையும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்” என்ற வேன் உரிமையாளர் பார்த்துக்கொள்ளவில்லை, ஆகவே சாலையோரம் நின்று என் கைப்பேசியில் நானே பதிவு செய்தேன். அவர் அன்போடு வேனில் ஏற்றி அனுப்பியிருந்த இரண்டு கட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களும் அங்கேயே இறங்கின, ஏனென்றால் அம்மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை. ஆத்தா மட்டும் அசையவில்லை. அவர் இரண்டு எவர்சில்வர் தூக்கில் வீட்டுத் தண்ணீர் எடுத்து வந்திருந்தார்.

ஆனால் கட்டாயத்தால் போன கூடலூர்ச் சாலையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பைக்காராவின் நீர்ப்பரப்பைத் தாண்டி, நடுவட்டத்தில் தேயிலைச் சரிவுகள் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, காற்று தைக்கத் தைக்கப் புளியோதரை சாப்பிட்டோம். கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் வானத்தோடு கலந்துவிட்டன. கண்மாய்க் கரைதான் உயரம், கோயில் கோபுரம்தான் அதைவிட உயரம் என்று வளர்ந்த பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் நின்றது அந்தப் பயணத்தில் அங்கு மட்டும்தான்.

கூடலூரைக் கடந்து காப்பகத்துக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. வனத்துறை வரவேற்பு மையம் உள்ள தெப்பக்காட்டை ஒட்டிய இந்தச் சாலைகளில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை என்பதால் ஓட்டுநர் தம்பிக்குப் பதற்றம். பிழைக்கத் தெரிந்த நல்ல பையன்தான், ஆனால் காட்டுச் சாலை அவருக்குப் புதிது. தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் இடையில், விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நகர்ந்தது. அவர் பழக்க தோஷத்தில் ஹாரனை அழுத்திவிட்டார். யானை திரும்பி நின்று காதுகளை விரித்தது. வேனுக்குள் பதினொரு பேரும் மூச்சடக்கிக் கிடந்த அந்த அரை நிமிடத்தில் ஆத்தா மட்டும், “தம்பி, கைய எடுப்பா, அது பாட்டுக்குப் போகட்டும்” என்று கிசுகிசுத்தார். அது போய்விட்டது. திருப்பத்தூர் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர் வழியாக ஆண்டு முழுக்க வண்டி ஓட்டுபவர்களுக்கு யானை முன்னால் ஹாரன் அடிக்கக் கூடாதென்று ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது எனக்கு வேடிக்கையாகவே பட்டது.

மறுநாள் விடியற்காலையில் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி வனத்துறை வண்டியில் ஏறினோம். 1940இல் சரணாலயமாகத் தொடங்கி 2007இல் புலிகள் காப்பகமான முதுமலையின் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். அதில் நாம் காண்பது ஓரமாக ஓடும் சில மண்தடங்களைத்தான். என்றாலும் அத்தடங்களில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, வனத்துறை வண்டியின் சன்னல்களில் ஒட்டுத்தாளும் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்த வண்டியின் ஓட்டுநருக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது. புள்ளிமான் கூட்டம் ஒன்று தலை தூக்கி ஒரே திசையில் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டார். மேலே மரத்தில் சாம்பல் மந்திகள் தின்றுவிட்டு உதறிய தழைகள் மான்களின் முதுகில் விழுந்துகொண்டிருந்தன. அந்தத் தழைக்காகத்தான் மான்கள் மந்திகளின் கீழேயே மேய்கின்றன என்றும், மேலிருந்து மந்தி போடும் எச்சரிக்கைச் சத்தம் மான்களுக்கும் காவல் என்றும் உடன் வந்த வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார். புலி வரவில்லை. வராததில் யாருக்கும் வருத்தமில்லை, என் மருமகன் ஒருவனைத் தவிர.

பத்தடி தள்ளி நின்ற காட்டுமாட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நம்மவர்கள் எல்லாரும் அதைக் காட்டெருமை என்கிறார்கள், ஆனால் அது எருமை இனமில்லை, மாட்டினம்தான். எண்ணெய் தேய்த்தது போன்ற கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களுக்கும் வெள்ளைக் காலுறை, முதுகுத் திமிலில் உட்கார்ந்து பூச்சி கொத்தும் மைனா. அது எங்களைப் பார்த்தபடியே அசைபோட்டது. தாடை அசைவது நின்றபோது நாங்களும் அசைவதை நிறுத்தினோம்.

குறை ஒன்று உண்டு, அது எந்த வண்டியின் குறையும் அல்ல. தடத்தின் இருபுறமும் ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தச் செடி புல்லை வளரவிடாமல் செய்வதோடு, அதற்குப் பின்னால் நிற்கும் விலங்கையும் மறைத்துவிடுகிறது. குட்டியோடு நின்ற யானைக் கூட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தது நான்கு முதுகும் ஒரு தும்பிக்கையும்தான்.

அந்தச் சுற்றில் ஆத்தா பார்த்தது வேறு. வண்டி தேக்கு மரங்களுக்கிடையே போனபோது, பாதி இலை உதிர்ந்து, மீதி இலைகள் பழுப்பேறித் தொங்கிய ஒரு மரத்தைக் காட்டி இது என்ன மரம் என்று கேட்டார். தேக்கு என்றதும் நம்பவில்லை. எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்களைப் பிடித்தபடி வளர்ந்து, எழுபத்தைந்து ஆண்டுகள் அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கியவர், தேக்கை இலையோடு பார்த்தது அன்றுதான். “இவ்வளவு பெரிய எலையா இதுக்கு” என்று ஊர் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு கொடுக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேர்த்து உருட்டிய கவளத்தைப் பாகன் நேராக வாய்க்குள் வைக்கிறார். ஒவ்வொரு யானைக்கும் அளவு வேறு, கலவையும் வேறு. பந்தியில் யாருக்கு எவ்வளவு என்று அறிந்து பரிமாறும் கை போல இருந்தது அது. குரங்குகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை: தங்கை கைமுறுக்கு டின்னைத் திறந்த சத்தத்துக்கே இரண்டு வந்துவிட்டன, டின்னோடு போயின. கொடுக்கக் கூடாது என்பது விதி. அவை நாம் கொடுப்பதற்காகக் காத்திருப்பதில்லை.

மூன்றாம் நாள் கல்லட்டி வழியாக ஏறினோம். 36 வளைவுகளையும் ஓட்டுநர் தம்பி முதல் கியரில், அவசரமின்றி, ஒருமுறைகூட ஹாரனைத் தொடாமல் ஏற்றினார். அதற்காகவே அவருக்குப் பேட்டாவுக்கு மேல் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். ஊர் வந்ததும் உரிமையாளர் ‘மலைப்படி’ என்று புதிதாக ஒரு தொகையைக் கணக்கில் சேர்த்திருந்தார், பேசிக் குறைத்தேன். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே மலைப்படி, பேட்டா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கறுப்புத் தாளை எடுத்துவிடச் சொன்னபோது அவர் சிரித்தார். “காட்டுக்கு வருசத்துல ஒரு வண்டி போகும்ணே, கல்யாணத்துக்குத்தான் மத்ததெல்லாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கறதே இந்த எடுப்பத்தான்” என்றார். அது உண்மைதான். வைகாசியில் தங்கை மகன் கல்யாணத்துக்குப் பெண்ணழைக்க அதே வேனைத்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.