குசைரா, கெனிசாவா?

எகிப்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பழைய கடல் வணிகத்தை ஆய்வுக்கு எடுப்பவருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-காதிம். 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகம் இங்கே தோண்டியபோது, ரோமானியர் கால அடுக்கில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பிராமிப் பெயர்களுள்ள பானை ஓடுகள் கிடைத்தன. அதே ஊரின் இஸ்லாமியர் கால வீடொன்றில் 13ஆம் நூற்றாண்டு வணிகர்களின் அரபுக் கடிதங்கள்! ஆனால் எகிப்தில் அகழாய்வென்றால் அரசு அனுமதி, குழு, பணம் எல்லாம் வேண்டும். தனி மாணவரால் ஆகிற காரியமில்லை.

மற்றது கெய்ரோ கெனிசா. கெனிசா என்றால் பழைய எழுத்துத் தாள்களை எறியாமல் போட்டுவைக்கும் அறை. இது பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் அப்படிக் குவிந்திருந்த தாள்கள். பெரும்பகுதியை 1897இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். இப்போது இணையத்திலேயே படிக்கலாம். மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கணக்கும் கடிதமும் இதில் உண்டு. சிக்கல் மொழிதான்: பெரும்பாலும் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதற்கே இரண்டு மூன்று வருடம் போய்விடும்.

ஓட்டில் பெயர் மட்டும்தான் மிஞ்சுகிறது. தாளில் ஆளே பேசுகிறார். உதவித்தொகை கையில் வருமுன் தொடங்க நினைப்பவருக்கு நான் கெனிசாவைத்தான் சொல்வேன்.