பதிவா, ஜாமீன் நிதியா?

கறுப்பினத்தவருக்கு ஆதரவாக ஏதாவது செய்ய வேண்டும். சமூக ஊடகத்தில் பதிவிடுவதா, வசதியில்லாத கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்டும் பொது நிதிக்குப் பணம் தருவதா? அமெரிக்காவில் வசிக்கும் பலருக்கு இந்தத் தடுமாற்றம் உண்டு.

செலவு: பதிவுக்குக் காலணா வேண்டாம். நிதிக்குக் கைக்காசு போகும்.

எளிமை: பதிவுக்கு அரை நிமிடம். நிதியை யார் நடத்துகிறார்கள் என்று விசாரிக்க ஒரு மாலைப்பொழுது.

பயன்: வித்தியாசம் இங்கேதான். 2020 மே 25 அன்று மினியாபொலிசில் போலீஸ்காரரின் முழங்காலடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தார். போராட்டம் வெடித்தது. அதற்கு ஆதரவாக ஜூன் 2 அன்று கோடிக்கணக்கானோர் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புச் சதுரத்தைப் பதிவிட்டார்கள். போராட்டக்காரர்களின் ஹேஷ்டேக்கையே பலர் சேர்த்ததால், அவர்களுக்குத் தேவையான தகவல்கள் அதற்கடியில் புதைந்தன. நல்லெண்ணம்தான், உபத்திரவம்தான்!

ஜாமீன் கட்ட வழியில்லாதவர் விசாரணைக்கு முன்பே சிறையில் கிடக்கிறார். வேலை போகிறது, வாடகை பாக்கி ஏறுகிறது. நிதி அவரை வெளியே கொண்டுவருகிறது. அவர் தவறாமல் நீதிமன்றத்துக்கு வந்தால், வழக்கு முடிந்ததும் பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பி அடுத்தவருக்குப் பயன்படும்.

1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானபோது, உள்ளூர் கறுப்பினத் தலைவர் இ. டி. நிக்சன் ஜாமீன் எடுக்கப் போனார். கூடவே சென்றவர்கள் கிளிஃபர்ட் டர், வர்ஜீனியா டர் என்ற வெள்ளையினத் தம்பதி. வெள்ளையர் ஆண்ட ஊரில் அப்படி நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனவெறியைப் பற்றி வாய் திறக்காத உறவினர் வட்டம் உங்களுடையது என்றால் பதிவிடுங்கள். சதுரத்தை அல்ல, கறுப்பினத்தவரே பகிரச் சொல்லும் தகவலை. மாதம் சிறு தொகை ஒதுக்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை, தயக்கமின்றி, நிதிதான்.